நிறம் போன குரோட்டன்ஸுக்கு டானிக் எதற்கு?

கேள்வி: வெளியூர் லாரியில் ‘பெட்ரா’ ரகம் என்று சொல்லி 200 குரோட்டன்ஸ் இறக்கினேன். மஞ்சளும் சிவப்புமாக வந்தவை மூன்றே மாதத்தில் பச்சையாகிவிட்டன. சில செடிகளில் இலை மூன்றாகப் பிளந்திருக்கிறது. 75 சதவீத வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலையில் வைத்திருக்கிறேன். நுண்ணூட்டக் குறை என்று மருந்துக்கடையில் ‘கலர் டானிக்’ கொடுத்தார்கள். அதோடு 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். வேறு என்ன தெளிக்கலாம்?
– நர்சரி வைத்திருப்பவர், சத்தியமங்கலம்

பதில்: எதையும் தெளிக்காதீர்கள். தெளிப்பதையும் நிறுத்துங்கள். குரோட்டன்ஸ் இலையில் சிவப்பு ஏற நல்ல வெளிச்சம் வேண்டும். 75 சதவீத வலைக்குள் செடி பச்சையத்தைக் கூட்டித்தான் பிழைக்கும். அதன் மேல் வாராவாரம் தழைச்சத்தும் கொடுத்தால் இன்னும் பச்சையாகும். முதலில் 50 சதவீத வலைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். நேராக உச்சி வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெந்துவிடும். இடம் மாறியதில் அடியிலைகள் சில உதிரும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். நிறம் புதுத் தளிரில்தான் வரும், பச்சையான பழைய இலை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

‘நுண்ணூட்டக் குறை’ என்றவர் இலையைக் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. இரும்புச்சத்து குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். பெட்ராவில் அப்படியே தலைகீழ்: நரம்பு மஞ்சள், இடைப்பட்ட பகுதி பச்சை. அது அந்த ரகத்தின் இயல்பு. இயல்பை நோய் என்று சொல்லி பாட்டில் விற்பது வியாபாரமே அல்ல, ஏமாற்று.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இவை பெட்ராதானா? ரகம் பார்க்கும்போது நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். நிறம் வெயிலுக்கும் இலையின் வயதுக்கும் தக்கபடி மாறும். வடிவம் அவ்வளவு எளிதில் மாறாது. பெட்ரா இலை அகலமானது, பிளவில்லாதது. மூன்றாகப் பிளந்திருப்பவை பெரும்பாலும் ‘எக்ஸலன்ட்’ ரகம். நிறம் ஒத்துப்போவதால் இரண்டையும் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். ‘மம்மி’யின் இலை முறுக்கிக்கொண்டு நிற்கும், ‘கோல்ட் டஸ்ட்’டின் சிற்றிலையில் மஞ்சள் புள்ளி தெளித்திருக்கும், ‘ஜான்சிபார்’ புல் போலத் தொங்கும். சில ரகங்களில் இலைப்பரப்பு பாதியில் நின்று, வெறும் நடுநரம்பு மட்டும் நீண்டு, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கும். பூச்சி தின்றது என்று அதையும் மருந்தடித்தவர்கள் உண்டு.

இனி வெளியில் செடி வாங்குவதைக் குறையுங்கள். நல்ல வெயிலில் முற்றிய இலையைப் பார்த்து உறுதி செய்த ஐந்து செடிகளை ரகத்துக்குத் தாய்ச்செடியாக நிறுத்தி, தண்டிலேயே அலுமினியத் தகட்டில் பெயர் கட்டுங்கள். விதை நாற்று தாயைப் போல வராது. அதனால் பதியன் போட்டு, அதாவது கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டி நட்டு, பெருக்குங்கள். தாய்ச்செடியில் முழுப்பச்சைக் கிளை கிளம்பினால் அடியோடு வெட்டுங்கள். விட்டால் வண்ணக் கிளைகளை முந்தி வளர்ந்து அமுக்கிவிடும். அந்தக் கிளையில் போட்ட பதியனும் பச்சையாகத்தான் வரும்.

பதியனுக்கு நல்ல நிறமுள்ள, பென்சில் பருமனுள்ள கிளையாகத் தேர்ந்தெடுங்கள். 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, கட்டை மேலுள்ள வழுவழுப்பு போகும்வரை கத்தியால் சுரண்டுங்கள். சுரண்டாமல் விட்டால் பட்டை கூடிவிடும், வேர் வராது. பெரும்பாலான பதியன்கள் தோற்பது இங்கேதான். வடியும் பாலைத் துடைத்துவிடுங்கள். தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை ஒரு கைப்பிடி வைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து முதல் எட்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். அப்போதே வெட்டாதீர்கள். வேர் பழுப்பேறிப் பாசி முழுக்கப் பின்னிய பிறகு, கட்டுக்குக் கீழே வெட்டி, பெரிய இலைகளில் பாதியைக் குறைத்து, பையில் நட்டு, மூன்று வாரம் நிழலில் வையுங்கள். உங்கள் 75 சதவீத வலை அதற்குப் பொருத்தம்.