டெட்டால் போட்டு தேய்ச்சா சொரியாசிஸ் போயிருமா?

சுங்கை சிப்புட் பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரரு செம்பனையில குலை வெட்டுறவரு, முழங்கையிலயும் முட்டியிலயும் சொரியாசிஸ்ங்கற செதில் உதிர்ற படை, ஆறு வருஷமாச்சு. தோல்ல இருக்கற கிருமியோட விஷம்தான் காரணம்னு யாரோ சொல்லிட்டாங்களாம், இப்ப தினமும் டெட்டால் தண்ணில பிரஷ்ஷால தேய்க்கிறாரு, மிச்சம் கெடந்த ஆன்டிபயாட்டிக்கையும் முழுங்குறாரு. பிள்ளைங்களுக்கு ஒட்டுமா டாக்டர்னு பயப்படுறாங்க.

ஒட்டாதும்மா. ஒரே துண்டுல தொடச்சாலும் ஒட்டாது.

கிருமி விஷயம் முழுப் பொய்யும் இல்ல. சொரியாசிஸ் உள்ள தோல்ல ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற பாக்டீரியா மத்தவங்க தோல்ல இருக்கறத விட அதிகமாவே காணப்படுது, அதுல சில வகை விடுற நஞ்சுக்கு சூப்பர் ஆன்டிஜென்னு பேரு. தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூப்புடுற பெரட்டுல கிராணி பேர் படிச்சா அந்தந்த ஆளு மட்டும்தானே முன்னால வருவாங்க, நம்ம உடம்பும் சாதாரண கிருமிக்கு அப்படித்தான், கிருமியோட சண்டை போடற டி செல்ங்கற வெள்ளை அணுவுல அதுக்குன்னு உள்ள கொஞ்சத்தத்தான் எழுப்பும். இந்த நஞ்சு பேரே படிக்காம மணிய அடிச்சி விட்டுடும், டி செல்லுல நூத்துக்கு இருபது வரைக்கும்கூட எழுந்து வந்துரும், அத்தனையும் சேந்து கத்துனா வீக்கம், சிவப்பு, 28 நாள்ல உரிய வேண்டிய தோல் நாலஞ்சு நாள்லயே வெள்ளை வெள்ளையா பனியன்ல கொட்டும்.

ஆனா அடுப்ப பத்த வச்சது கிருமி இல்ல. பரம்பரையா வர்ற ஜீனும் உடம்போட எதிர்ப்பு சக்தி தடம் மாறிப்போறதும்தான் அடிப்படை, கிருமி ஊதி விடுது, அவ்வளவுதான். அதனால ஆன்டிபயாட்டிக் தின்னு சொரியாசிஸ் போகாது, மிச்ச மாத்திரைய தூக்கிப் போடச் சொல்லுங்க.

பிரஷ்தான் எனக்கு ரொம்ப கோவம். காயம் பட்ட எடத்துலயே புதுசா படை கெளம்பும், இதுக்கு கோப்னர்னு பேரு, செம்பனை முள்ளு கீறுன கோட்டுலயே ரெண்டு வாரம் கழிச்சி படை வந்த ஆள நானே பாத்துருக்கேன். அப்புறம் வேணும்னே தேய்ச்சி புண்ணாக்குறது எதுக்கு? முழுக்கை சட்டை, கிளவுஸ் போடட்டும். வாசனை இல்லாத சோப்பு போதும், குளிச்சி ஈரம் காயறதுக்குள்ள வாஸ்லின் தடவுங்க.

தொண்டைய கவனிங்க, அதான் முக்கியம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணு வந்து ரெண்டு மூணு வாரத்துல மழைத்துளி தெறிச்ச மாதிரி பொட்டு பொட்டா ஒடம்பு பூரா வர்றதும் இதே நோயில ஒரு வகை, சின்னப் பிள்ளைங்க, இள வயசுக்காரங்களுக்குத்தான் அதிகம். அப்ப டாக்டர் பாத்து தொண்டைக்கு மருந்து குடுக்கறது நியாயம்.

கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்குல காட்டுனா தோல் டாக்டருக்கு லெட்டர் தருவாங்க. பசார் மாலாம்ல, ராத்திரி சந்தையில விக்கிற பேர் இல்லாத டப்பா வேண்டாம், மால் நம்பர்ங்கற அரசாங்கப் பதிவு நம்பர் இல்லாத மருந்துல ஸ்டெராய்டு கலந்துருக்கலாம், மாத்திரையா தின்னுட்டு திடீர்னு நிறுத்துனா ஒடம்பு பூரா செவந்து சீழ்க் கொப்பளம் வரலாம், அப்படி வந்தா ராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரிக்கு போயிருங்க.

ஆமா, காலையில வெரல் மடக்க முடியாம பிடிச்சிக்குதான்னு அவருகிட்ட கேளுங்க. பிடிச்சா மூட்டுக்கும் போயிருக்கலாம், டாக்டர்கிட்ட தோல மட்டும் காட்டிட்டு வந்துராதீங்க.