புழு தின்றதா, வாயு கொன்றதா?

கேள்வி: டைனோசர்கள் தாங்கள் விட்ட வாயுவாலேயே பூமி சூடாகி மாண்டன என்கிறது ஒரு காணொளி. கம்பளிப்புழுக்கள் இலையெல்லாம் தின்றுவிட, பட்டினியில் செத்தன என்கிறது இன்னொன்று. இப்படி மாற்றி யோசிப்பவர்களை ஒதுக்கிவிட்டு, விஞ்ஞானிகள் விண்கல்லையே கட்டிக்கொண்டு அழுவது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: புழுக் கதையைச் சொன்னவரே விஞ்ஞானிதான் ஐயா. ஸ்டான்லி ஃபிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1962இல் எழுதினார். தாவர வேதியியல் படித்த டோனி ஸ்வெயின், பூக்கும் செடிகளின் நச்சுச் சத்துதான் கொன்றது என்றார். அவரவர் கடைச் சரக்கே அவரவருக்குக் கொலைகாரன்! பூக்கும் செடிகள் வந்தது டைனோசர்கள் அழிவதற்கு ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அத்தனை காலம் தின்று கொழுத்துவிட்டு, பிறகா விஷம் ஏறியது?

வாயு விஷயத்தில் உங்கள் காணொளிக்காரர் மூலத்தைப் படிக்கவில்லை. 2012இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் மூவர், நெடுங்கழுத்து டைனோசர்கள் ஆண்டுக்குச் சுமார் 52 கோடி டன் மீத்தேன் விட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அக்கால வெப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அவ்வளவுதான். அதனால் அழிந்தன என்று சேர்த்துக்கொண்டது தலைப்புப் போட்டவர்கள் கைங்கரியம்.

சரி, உங்கள் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருக்கிறதா? அதன் சுருளைப் பாருங்கள். அம்மோனைட் என்ற கடல் உயிரியின் பதிவு அது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலை ஆண்ட அந்த வம்சமும், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன அதே சமயத்தில்தான் பூண்டோடு போனது. கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிரிகளிலும் பெரும்பகுதி காலி. கடலுக்கடியில் எந்தக் கம்பளிப்புழு போய் மேய்ந்தது?

விண்கல்லும் ஒரு காலத்தில் கிறுக்கு யோசனைதான். 1980இல் அதைச் சொன்ன லூயிஸ் அல்வாரெஸ் நோபல் பெற்ற இயற்பியலாளர். எலும்பு தோண்டுகிறவர் அல்ல. புவியியலாளரான மகன் வால்ட்டர், இத்தாலியின் குப்பியோவிலிருந்து எடுத்துவந்த, டைனோசர்கள் அழிந்த காலத்து ஒரு விரற்கடைக் களிமண் அடுக்கில் இரிடியம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு இருந்தது. பூமியின் மேலோட்டில் அரிதான, விண்கற்களில் தாராளமான உலோகம் அது. டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் அதே அடுக்கில் தேடினார்கள், அங்கேயும் இருந்தது. கல் விழுந்திருந்தால் பள்ளம் எங்கே என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். நியாயமான கேள்வி. மெக்சிகோவின் சிக்சுலூப்பில், சுமார் 180 கிலோமீட்டர் அகலத்தில் மண்மூடிக் கிடந்த பள்ளம்தான் அது என்று 1991இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். புழுக் கட்சிக்காரர்கள் எதைத் தோண்டிக் காட்டுவார்கள்?

மாற்றுக் கருத்துதான் வேண்டுமென்றால் நம் தக்காணத்து எரிமலைகளைப் பிடியுங்கள். எல்லோராவைக் குடைந்தெடுத்த கரும்பாறை அவை கக்கிய குழம்புதான். கொன்றது அதுவே என்று பல்லாண்டுகளாக வாதாடுகிறார் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் புவியியலாளர் கெர்டா கெல்லர். அவரை யாரும் ஒதுக்கவில்லை, சண்டைதான் போடுகிறார்கள். 2019இல் ஒரே இதழில், அதே குழம்பின் வயதை அளந்த இரண்டு குழுக்கள் எழுதின. கல் விழுவதற்குச் சற்று முன்பே ஒரு பெரும் பீறல் என்றது ஒன்று. பெரும்பகுதி வழிந்தது கல் விழுந்த பிறகுதான் என்றது மற்றது.