உல்லன் செருப்பு தொளதொளக்காமல், வழுக்காமல் இருக்க

கேள்வி: எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் பழைய வீடு, தரை முழுக்க மொசைக். மார்கழியில் விடியற்காலை எழுந்தால் தரையில் கால் வைக்க முடியவில்லை என்கிறார் மாமியார். அவருக்குச் சர்க்கரை வேறு. எனக்குக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) ஓரளவு வரும். வாசல் தோரணம் போட்டிருக்கிறேன். அவருக்காக உல்லன் நூலில் ஒரு ஜோடி செருப்பு பின்னினேன். கொஞ்ச நாளிலேயே தொளதொளத்துவிட்டது, தரையிலும் வழுக்குகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: கால் அளவுக்கே பின்னியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உல்லன் பின்னல் காலில் போடப் போட நீளும். கால் 24 செ.மீ. என்றால் பின்னல் 22.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கையில் பார்க்கும்போது சின்னதாகத் தெரியும், பயப்படாதீர்கள்.

அடுத்தது இறுக்கம். தோரணத்துக்குப் போடும் தளர்ந்த பின்னல் செருப்புக்கு ஆகாது. 8 பிளை (நடுத்தரத் தடிமன்) அக்ரிலிக் நூலை, அதாவது செயற்கை உல்லனை, இரட்டை இழையாகச் சேர்த்து, 5 மி.மீ. கொக்கி ஊசியில் சிங்கிள் குரோஷா (குட்டையான, நெருக்கமான பின்னல்) போடுங்கள். கை கொஞ்சம் வலிக்கும், ஆனால் பின்னல் அட்டை போல நிற்கும். ஜோடிக்கு 200 கிராம் வாங்கி வைத்தால் நடுவில் நூலுக்காகப் பாரிமுனைக்கு ஓட வேண்டாம். சுத்தக் கம்பளி தேடி அலையாதீர்கள். ஜனவரி விடியலிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தவிர, வெந்நீரில் அலசினால் கம்பளி சுருங்கிவிடும்.

விரல் நுனியிலிருந்து தொடங்குங்கள். வளையத்தில் 6 கண், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று கூட்டுங்கள். விரல்களை மூடி லேசாகப் பிடிக்கிற அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, பாதம் கணுக்காலை நோக்கி மேலேறும் இடம் வரை அப்படியே சுற்றுங்கள். அப்புறம் மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கண்களை விட்டுவிட்டு, மிச்சத்தை முன்னும் பின்னுமாகக் குதிகால் வரை கொண்டுபோய் மடித்துத் தையுங்கள். திறப்பின் ஓரத்தில் கடைசிச் சுற்று போடும்போது நாலைந்து இடத்தில் இரண்டு கண்ணை ஒன்றாக்கினால் கழன்று போகாது. எலாஸ்டிக் மட்டும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர் காலில் எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

அதே காரணத்துக்காகத் தையலின் மேடு, முடிச்சு, நூல் வால் எல்லாம் வெளிப்பக்கம் வரட்டும். கால் மரத்திருந்தால் சின்ன முடிச்சு உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. எப்போதும் கால் ஜில்லென்று இருக்கிறது, விரல் நிறம் மாறுகிறது என்றால் அதற்குச் செருப்பு மருந்தல்ல, டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி வழுக்கல். வயதானவர் விஷயத்தில் குளிரைவிட எனக்கு இதுதான் கவலை. அடிப்பாகம் இல்லாமல் மொசைக்கில் நடக்க விடவே விடாதீர்கள். கால் வடிவத்தை அட்டையில் வரைந்து, தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். மெல்லிய ரப்பர் ஷீட்டில் வெட்டி, ஓரம் முழுக்க அரை செ.மீ. இடைவெளியில் துளை போட்டுத் தருவார். துளை வழியாக அதே உல்லன் நூலை விட்டு, செருப்போடு சேர்த்துத் தைத்துவிடலாம். வழவழப்பான ரெக்ஸின் வேண்டாம், அது உல்லனைவிட மோசம். தைத்து முடித்ததும் உள்ளே கையை விட்டு, லேசாக ஈரமான தரையில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் சொரசொரப்பான ஷீட்டாக மாற்றுங்கள்.

குளியலறைக்குள் இதைப் போட்டுப் போகக் கூடாது. அடுப்பு பக்கத்திலும் வேண்டாம், அக்ரிலிக் சூட்டில் உருகும். கூடவே இன்னொரு ஜோடியும் பின்னி வையுங்கள். இரட்டை இழைப் பின்னல் துவைத்தால் சீக்கிரம் காயாது, ஈரத்தோடு அவர் போடக் கூடாது.