ஊருக்குத் தெரியாதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊர் வரலாற்று இதழ்களைப் பற்றி உயர்வாக எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நான் அயர்லாந்தில், கால்வேயில் வேலை பார்க்கிறேன். இங்கே வட்டார வாரப் பத்திரிகையைப் புரட்டினால் மரண அறிவிப்பு, கால்பந்து முடிவுகள், மாட்டுச் சந்தை விலை, வீடு கட்ட அனுமதி கேட்டவர்களின் பட்டியல். இதில் எங்கே வரலாறு? இன்னொரு கேள்வி. பக்கத்து ஊர் டுவாமில் குழந்தைகளின் எலும்புகளைத் தோண்டி எடுக்கிறார்கள். அத்தனை குழந்தைகள் செத்தது ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அலுவலகத்தில் கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். ஊரே சேர்ந்து மறைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

வாசகர், கால்வே

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஊர்ப்பெயர். எழுத்தைப் பார்த்தால் டுவாம் என்றுதான் வாசிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது ஏறக்குறைய ‘ச்சூம்’ என்று காதில் விழும். ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் புதைமேடு என்று பொருள். மிகப் பழைய பெயர், இந்த விவகாரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இருந்தாலும் முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது.

ஊருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் துண்டு துண்டாகத் தெரியும்.

அந்த எலும்புகள் கிடைத்த இடத்தில் முன்பு ஒரு கட்டடம் இருந்தது. 1840களின் பஞ்சத்தில் ஏழைகளுக்கான விடுதியாகத் திறந்தது. 1925 முதல் 1961 வரை போன் செக்கூர் என்ற கத்தோலிக்கச் சபையின் கன்னியாஸ்திரீகள் அங்கே திருமணமாகாத தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லத்தை நடத்தினார்கள். கட்டடம் மாவட்ட நிர்வாகத்துடையது, பணமும் நிர்வாகத்துடையதுதான். பிரசவித்த பெண் ஏறக்குறைய ஒரு வருடம் கூலியில்லாமல் வேலை செய்துவிட்டு, குழந்தையை விட்டுவிட்டுப் போகவேண்டும். உயரமான மதில். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது அந்த மதில்தான்.

அப்புறம் பள்ளிக்கூடம். இல்லத்துப் பிள்ளைகள் மற்றவர்களுக்குப் பிறகு வருவார்கள், முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள், பின்வரிசையில் உட்காருவார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர் கேத்தரின் கோர்லெஸ். வெறும் மிட்டாய்க் காகிதத்தை மிட்டாய் போலவே சுருட்டி ஒரு இல்லத்துச் சிறுமியிடம் நீட்டிச் சிரித்ததை அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். அறுபது வயதை நெருங்கும்போதும் அது அவரை விடவில்லை.

1975-ல், இல்லம் இருந்த இடத்தில் விளையாடிய இரண்டு சிறுவர்கள் ஒரு கான்கிரீட் பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே எலும்புகள். பாதிரியார் வந்து ஜெபித்தார், குழி மூடப்பட்டது. பஞ்சத்தில் செத்தவர்களாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். இதை வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. மேற்கு அயர்லாந்தில் பஞ்சப் புதைகுழிகள் நிறைய. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைக் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள் என்பதால், தகப்பன் இருட்டில் எடுத்துப்போய்ப் புதைத்த ‘கில்லீன்’ என்னும் மேடுகளும் ஏராளம். பெயரில்லாத எலும்பு என்றால் அங்கே யாரும் போலீசைத் தேடி ஓடுவதில்லை, சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் அந்த இடத்தில் புல் வெட்டி, ஒரு சிறிய மாதா கெபி கட்டிப் பல வருடம் பார்த்துக்கொண்டார்கள். மறைக்க நினைப்பவர்கள் செய்கிற வேலையா அது?

கோர்லெஸ் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் அல்ல. இல்லத்தரசி. மாலை வகுப்பில் ஊர் வரலாறு படித்தவர். பதிவாளர் அலுவலகத்தில் அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகளின் விவரம் கேட்டார். 796 பெயர்கள் வந்தன. முப்பத்தாறு வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் பதினாறு நாளுக்கு ஒரு குழந்தை. ஒவ்வொரு இறப்புச் சான்றிதழுக்கும் 4 யூரோ தன் கையிலிருந்து கட்டினார். பிறகு கல்லறைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார். ஒன்றிரண்டு பெயர்களைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை. பழைய வரைபடத்தில் கழிவுத் தொட்டி என்று குறித்திருந்த இடத்தில், பின்னாளைய வரைபடம் ஒன்று ‘புதைகுழி’ என்றது.

கவனியுங்கள், இதில் எதுவும் ரகசிய ஆவணம் கிடையாது. ஒவ்வொரு இறப்பும் சட்டப்படி பதிவாகியிருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. அவர் கூட்டிப் பார்த்து 2012-ல் எழுதிய கட்டுரை எங்கே வந்தது தெரியுமா? பழைய டுவாம் சங்கத்தின் இதழில். நீங்கள் பிரயோசனமில்லை என்கிற அதே வகை ஊர் இதழ்.

பெரிய பத்திரிகைகள் விழித்துக்கொள்ள 2014 ஆயிற்று. விழித்ததும், 800 குழந்தைகளைக் கழிவுத் தொட்டியில் வீசினார்கள் என்று உலகம் முழுக்கத் தலைப்பு. வீசினார்கள் என்று தான் சொல்லவே இல்லை என்று கோர்லெஸ் மறுக்கவேண்டி வந்தது. அந்த மிகைப்படுத்தலைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் கட்டுக்கதை என்று சிலர் கிளம்பினார்கள். 2017 மார்ச்சில், அரசு அமைத்த விசாரணை ஆணையம் அவர்கள் வாயை அடைத்தது: நிலத்தடியில் இருபது அறைகள் கொண்ட ஓர் அமைப்பு, அதில் குறைந்தது பதினேழு அறைகளில் மனித எச்சங்கள். முழு அகழ்வு 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

ஊரே மறைத்தது என்கிறீர்கள். ஆணையத்தின் 2021 இறுதி அறிக்கையும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அந்தப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைக்குக் குழந்தைகளின் தகப்பன்களும் பெண்களின் குடும்பங்களுமே முதன்மைப் பொறுப்பு என்றது. அங்கிருந்து பிழைத்து வந்தவர்கள் கொதித்தார்கள். நான் அவர்கள் பக்கம். ஊர் புறம் பேசியது, ஒதுக்கியது, வாசல் கதவைச் சாத்தியது, எல்லாம் சரி. ஆனால் பணம் கொடுத்தது மாவட்ட நிர்வாகம். அடக்கம் செய்யும் பொறுப்பு இல்லத்தை நடத்தியவர்களுடையது. குழந்தைகள் எலும்பும் தோலுமாக இருப்பதை 1947-லேயே அரசு ஆய்வாளர் எழுதிவைத்தார். அதற்குப் பிறகும் இல்லம் பதினான்கு வருடம் நடந்தது. எல்லோரும் குற்றவாளி என்றால் கையெழுத்துப் போட்டவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுவார்கள்.

மரண அறிவிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட்டீர்கள். மேற்கு அயர்லாந்தில் பக்கத்து மாவட்டமான மேயோவின் மிட்வெஸ்ட் ரேடியோ இன்றும் இறந்தவர்களின் பெயர்களைத் தினமும் வாசிக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்பவர்கள் உண்டு. முகம் பார்த்துப் பழகாத ஆளின் சாவு வீட்டுக்கும் வரிசையில் நின்று கைகொடுத்து, ‘உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவார்கள். போகாவிட்டால் அது குறையாகப் பேசப்படும். அப்படிப்பட்ட ஊரில்தான் அந்தக் குழந்தைகள் ஆள் வராமல் மண்ணுக்குப் போனார்கள். இனி அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது கொஞ்சம் மெதுவாகப் புரட்டுங்கள்.

உங்கள் அலுவலக நண்பர்கள் பேச்சை மாற்றியதற்கு நான் வேறு காரணம் வைத்திருக்கிறேன். அவர்களில் யாருடைய பாட்டி அந்த மதிலுக்குள் ஒரு வருடம் இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. சிலருக்கு அது அவர்கள் வீட்டிலேயே சொல்லப்படாமல் போயிருக்கலாம். காபி குடிக்கும் நேரத்தில் கேட்கவேண்டாம்.