அரிவாள்மணையும் காலுறையும்

வணக்கம் ஐயா,

ஈரோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்கு முழங்கால் தேய்மானத்தை எடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் நூலகத்தில் பழைய பதிப்புகள்தான் இருக்கின்றன. இணையத்தில் கட்டுரையைத் திறந்தால் நாற்பது டாலர் கேட்கிறது. சீனியர்கள் 8 ஜிபி பிடிஎஃப் கொடுத்தார்கள், எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆங்கிலமும் கொஞ்சம் தடுமாற்றம். உங்கள் அம்மாவின் மூட்டுவலி பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். எங்கே தேடுவது? தமிழில் ஏதாவது உண்டா? ஏஐயிடம் கேட்டு எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

அம்மாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோ என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. 1999இல் சிட்னியில் பிசியோதெரபிஸ்டுகளே தொடங்கியது, காசு கிடையாது. உங்கள் துறை ஆய்வுகள் மட்டுமே இருப்பதால் மருந்து ஆய்வுகளுக்கு நடுவே துழாவ வேண்டியதில்லை. தளத்தின் பக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன, ஆய்வுச் சுருக்கங்கள் ஆங்கிலத்தில்தான். ஒவ்வொரு சோதனை ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஏழு, எட்டைப் பார்த்துக் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, தருகிறவருக்கும் தெரியக்கூடாது என்று இரண்டு மதிப்பெண் உண்டு. பயிற்சி சொல்லித் தருகிறவரிடமிருந்து அதை எப்படி மறைப்பது?

முழுக் கட்டுரை வேண்டுமென்றால் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடுதளத்தில் தேடி, ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கத்தின் ‘ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி’ எல்லோருக்கும் இலவசம். பூட்டிய கட்டுரை என்றால், எழுதியவரின் மின்னஞ்சல் சுருக்கத்தோடு பெரும்பாலும் இருக்கும். நாலு வரி எழுதிக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டி மாணவர்களுக்குப் படிக்கத் தருகிற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள். ஆனால் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு என்று தொடங்கியது அது, உங்கள் கல்லூரி அந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியாரில்தான் படிக்கிறார்கள். அவர்களிடம் வருகிற நோயாளிக்கு மட்டும் வேறு முழங்காலா? இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏஐ இல்லாத கட்டுரைக்கும் தலைப்பும் ஆண்டும் சொல்லும். கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். ஆங்கிலத் தடுமாற்றம் பத்துக் கட்டுரை படித்தால் தானாகப் போய்விடும்.

சரி, இப்போது திட்டுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அதில் ஒரு நோயாளி கூட இல்லை. மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள், ஓ.பி.யில் நிற்கிறீர்கள். யாருடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தீர்கள்? அவர் எதைச் செய்ய முடியவில்லை என்று சொன்னார்? ‘முழங்கால் தேய்மானம்’ என்று தேடினால் 8 ஜிபி என்ன, 80 ஜிபியும் வரும். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் சேர்த்தால் அப்படித்தான் மலைப்பாக இருக்கும்.

அம்மாவின் ஃபைலில் வோமாக் என்ற படிவம் இருக்கிறது, மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலியையும் சிரமத்தையும் கேள்வி கேட்டு அளப்பது. நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1980களில் கனடாவில் உருவானது, 24 கேள்விகள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒருவர் அதை வேகவேகமாகத் தமிழில் கேட்டு டிக் போட்டுக்கொண்டே போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். காலுறை போடுவதில் சிரமம் உண்டா? அம்மா ஆயுளில் காலுறை போட்டதில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள். காரில் ஏறி இறங்குவது? எங்களிடம் கார் இல்லை. “ஒண்ணுமில்ல.” குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது? “ஒண்ணுமில்ல.” ஒவ்வொரு ‘ஒண்ணுமில்ல’வுக்கும் சைபர். கூட்டிப் பார்த்தால் அம்மாவுக்குப் பெரிய சிரமம் இல்லை என்று வந்தது. கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த 24 கேள்விகளில் சம்மணம் போட்டு உட்காருவது பற்றி ஒன்றுகூட இல்லை. அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நின்றுகொண்டு கத்தியில் நறுக்கினால் அவளுக்கு அது சமையலாகவே தோன்றாது. அதை ஒருவரும் கேட்கவில்லை. மகன், நானும் கேட்கவில்லை.

அப்புறம் எங்கள் தெருவில் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, “பாட்டி, காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க” என்றாள். அம்மா முக்கால் மணி நேரம் சொன்னாள். பிறகு அந்தப் பெண் அரிவாள்மணையைக் கொண்டுவரச் சொல்லி, தானே உட்கார்ந்து ஒரு வெங்காயம் நறுக்கிப் பார்த்தாள், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று. மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கிற கோனியோமீட்டரை வைத்து அம்மாவின் காலை அளந்தாள். மூன்று மணைப்பலகையை அடுக்கி அதன்மேல் அம்மாவை உட்கார வைத்தாள், அரிவாள்மணைக்கு அடியிலும் ஒரு பலகை. துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்தி ஐந்து எண்ணுகிற பயிற்சியைத் தினமும் செய்யவேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள், வலி இல்லையென்றால் ஒரு பலகையை எடுப்பாள். கடைசிப் பலகையை மட்டும் எடுக்கவே முடியவில்லை. அம்மா அதன்மேல் உட்கார்ந்தே கடைசிவரை நறுக்கினாள்.

அந்தப் பெண்ணும் உங்களைப் போலத் தேடியவள்தான். ஆனால் அவள் தேடிய சொற்கள் வேறு: ஸ்குவாட்டிங் (குந்துவது), ஃப்ளோர் சிட்டிங் (தரையில் உட்காருவது), கிராஸ் லெக்டு (சம்மணம்). அப்படித் தேடினால் ஆசிய ஆய்வுகள் மேலே வரும். பெய்ஜிங்கில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. இளவயதில் தினமும் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகம் இருந்தது என்று அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பாட்டியிடம் ‘இனி கீழே உட்காராதீர்கள்’ என்று சொல்லிவிடலாமா, இல்லை பலகையை அடுக்கலாமா? உங்கள் புராஜெக்டுக்கு இது போதாதா தம்பி?

முகவரி அனுப்புங்கள். அந்தப் பெண் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த இரண்டு தாள்கள் ஃபைலில் இருக்கின்றன, நகல் எடுத்து அனுப்புகிறேன். ஒன்றில் பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறாள்: “பலகை 3, இப்போ 2. சின்ன வெங்காயம் அரைக் கிலோ. எழும்போது மட்டும் சுவரைப் பிடிச்சாங்க.”

அன்புடன்.