அப்பா சேர்த்து வைத்த பழைய சங்கு, சோழித் தொகுப்பை நல்ல விலைக்கு விற்பது எப்படி?

மறைந்த தந்தையார் சேர்த்த சங்குகளும் சோழிகளும் மூன்று பெட்டிகளாகப் பரணில் கிடக்கின்றன, வீடு மாறுவதற்குள் விற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வியாபாரி எவரையும் இன்னும் அழைத்திருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பெட்டிக்குள் கையெழுத்துச் சீட்டுகள் இருந்தால், எந்தச் சீட்டு எந்தச் சங்கோடு இருக்கிறதோ அதை அதனோடே இருக்க விடுங்கள். நான் அப்படி விடாததால் இழந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் தந்தை தூத்துக்குடியில் உப்பளக் கணக்கு எழுதியவர். 1964 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் திரேஸ்புரம் கரைக்குப் போய், வலையில் மீனோடு சிக்கி வந்து மீனவர்கள் உதறிப் போடும் சங்குகளைக் கேட்டு வாங்கி வருவார். ஒவ்வொன்றுக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நீல மையால் ஒரு சீட்டு எழுதுவார். "முயல் தீவுக்குக் கிழக்கே, 8 பாகம், வலை, 14.2.1971" என்பது அவற்றில் ஒன்று. பாகம் என்பது மீனவர்கள் கடலின் ஆழத்தைச் சொல்லும் அளவு.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. தந்தையின் நினைவைக் காசாக்கினாயா என்று கேட்கத் தோன்றுபவர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கட்டும். வந்து பார்த்த சிப்பிக் கடைக்காரர், "இந்தத் தாளெல்லாம் என்னத்துக்கு அண்ணாச்சி? நல்லா ஆசிட்ல போட்டு எடுங்க, பளபளன்னு இருந்தாத்தான் விலை" என்றார். நான் சங்குகளை எல்லாம் கழுவினேன். சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதாக எண்ணி ஒரே உறையில் போட்டேன். நீர்த்த அமிலத்தில் முதலில் இறக்கியது உள்ளங்கை அளவு ஆனைமுள்ளிச் சங்கு ஒன்று. நுரை பொங்கி அடங்கியபோது நிறம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் இலை மடிப்புகளைப் போன்ற அதன் முட்களின் நுனிகள் சப்பிய மிட்டாயைப் போல மழுங்கிவிட்டிருந்தன. அதன் பிறகும் நான்கை இறக்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னர் அறிமுகமான ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர், உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எப்போது கிடைத்தது என்று தெரிந்த சங்குதான் ஆய்வுக்குப் பயன்படும், சேகரிப்பாளர்களும் அதற்குத்தான் தனி விலை தருவார்கள், தெரியாதது வெறும் அலங்காரப் பொருள் என்று அவர்தான் விளக்கினார். சில சீட்டுகளில் தந்தை அங்குலக் கணக்கில் நீளமும் குறித்திருந்ததால், இருவரும் நான்கு மாதம் அமர்ந்து அளந்து, முந்நூற்றுச் சொச்சத்தில் எண்பத்தேழை அவற்றின் சீட்டுகளோடு சேர்த்தோம். அவற்றுள் விற்றவை, பெயர், மில்லிமீட்டர் அளவு, இடம், தேதி ஆகியவற்றோடு தனித்தனியே நியாயமான விலைக்குப் போயின. சீட்டு சேராதவற்றுள் விற்கத் தடையில்லாதவை கிலோ அறுபது ரூபாய்க்குப் போயின.

தடை என்று சொன்னதை விளக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பல சங்கு, சிப்பி இனங்கள் சேர்க்கப்பட்டன. கொம்புள்ள பெரிய தலைக்கவசச் சங்கு, நாட்டிலஸ் என்னும் சுருள் ஓடு, ராட்சதச் சிப்பிகளில் சில, குதிரைமுள்ளிச் சங்கு, விரல் சங்குகளில் பல இனங்கள் அதில் உள்ளன. அப்பா எடுத்தபோது தடையே இல்லையே என்று வாதிடுவதால் பயனில்லை, ஏனெனில் விற்பவர் நீங்கள், விற்பது இன்று. கடைகளில் வெளிப்படையாகத் தொங்குகின்றனவே என்று பின்னூட்டம் இடப்போகிறவர்களுக்கு, பிடிபட்டால் வழக்கு யார் பெயரில் வரும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஆகவே வியாபாரி பார்ப்பதற்கு முன் விலங்கியல் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவற்றைப் பிரித்தெடுத்து, வனத்துறையிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். என்னிடம் இருந்த ஆறையும் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.

அடுத்து, வலம்புரி இருக்கிறதா என்று உறவினர்கள் நிச்சயம் கேட்பார்கள். எங்கள் பெட்டியிலும் வலம்புரியாகச் சுழன்ற ஒன்று இருந்தது. அது பல லட்சம் போகும் என்று சித்தப்பா உறுதியாக நம்பினார், பங்கும் பேசினார். பேராசிரியர் அதன் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். நம் கடல் சங்கில் வாயின் உட்புறத் தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாகத் தெரியும். இதில் தண்டு வழவழவென்று இருந்தது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் வாழும் ஒரு நத்தையினம் இயல்பிலேயே அந்தப் பக்கமாகத்தான் சுழலும், அதையே வலம்புரி என்று பலர் இங்கே விற்கிறார்கள். தந்தை அதைக் கடையில் வாங்கியிருக்க வேண்டும், அதற்கு மட்டும் சீட்டே இல்லை. சித்தப்பா இன்றுவரை என்னை நம்பவில்லை.

சங்குகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று எண்ணி எண்ணெய் தடவாதீர்கள். மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும் வெளிவிடும் அமில ஆவி சுண்ணாம்பு ஓட்டைத் தின்பதால் வருவது அது. நல்ல பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றுங்கள்.

விற்க மனமில்லாமல் சீட்டோடு இருந்த நாற்பதை ஒரு கல்லூரிக்கு இலவசமாகக் கொடுத்தேன். மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது, அவற்றைத் தெர்மோகோல் பலகையில் பசை போட்டு நிறவரிசைப்படி ஒட்டியிருந்தார்கள். சீட்டுகளைக் கேட்டேன். பழைய தாள் என்று எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். படித்தவர்களே அப்படிச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் நன்கொடை தருவதாக இருந்தால் பதிவேட்டில் எண் போடும் இடத்துக்கு மட்டும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. சீட்டே இல்லை என்று தோன்றினாலும் உடனே தண்ணீரில் போட்டுவிடாமல், ஒவ்வொரு சங்கின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். என் தந்தை சிறியவற்றின் சீட்டுகளைச் சுருட்டி உள்ளேயே செருகி வைத்திருந்தார். தொட்டித் தண்ணீர் நீலமாக மாறிய பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.