கிறுக்கலுக்கு ஒரு கட்டடமா?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்கு மகள் அழைத்துப் போனாள். பாசிமணிக் கோவைகளும் புரியாத கிறுக்கல்களும்தான் இருந்தன. பாடம் நடத்த வேண்டிய இடத்துக்கு இதெல்லாம் எதற்கு? அந்தப் பணத்தில் தமிழ் வகுப்பு நடத்தலாமே?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் பணக் கணக்கு. அங்குள்ள ஆப்பிரிக்கக் கலைத் தொகுப்புக்கு 1979 முதல் காசு கொடுப்பது ஸ்டாண்டர்ட் வங்கி. எதை வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது என்பதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. அதை நிறுத்தினால் வங்கி அந்தக் காசோலையை உங்கள் தமிழ் வகுப்பு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுமா?

நீங்கள் உதட்டைப் பிதுக்கிய பாசிமணிக்கு வருகிறேன். நிறவெறிக் காலத்தில் இந்நாட்டுப் பெரிய ஓவியக்கூடங்களுக்கு ஐரோப்பிய பாணியில் இருந்தால்தான் கலை. கறுப்பினப் பெண்கள் கோத்த மணிவேலைக்கும், ஆண்கள் செதுக்கிய மரத் தலையணைக்கும் பெரும்பாலும் கிடைத்தது பாடம் செய்த மிருகங்களுக்குப் பக்கத்து அறை. அவற்றைக் கலை என்றே வாங்கி, மாணவர்கள் கிட்டத்தில் நின்று படிக்கும்படி செய்தது விட்ஸ். அதற்கு உருப்படியான கட்டடம் அமைய 2012 ஆகிவிட்டது. பிராம்ஃபொன்டெய்ன் தெருமுனையில், நடைபாதையில் போகிறவர்கூடக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கலாம்.

கிறுக்கல் என்றீர்கள். ஆலிஸ் ஊரின் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் தென்னாப்பிரிக்க ஓவியர் டுமிலே ஃபெனி 1967-ல் கரியால் வரைந்த ‘ஆப்பிரிக்கன் கெர்னிக்கா’ இருக்கிறது. ஆள் உயரத்தை மிஞ்சும் படம். மாட்டு மடியில் வாய் வைத்து ஒரு குழந்தை பால் குடிக்கிறது. மறு ஆண்டே அவர் லண்டனுக்குப் போனார், 1991-ல் நியூயார்க்கில் இறந்தார், தாய்நாடு திரும்பவே இல்லை. படம் மட்டும் இங்கே. அதுவும் நியூஸ்பிரிண்ட் தாளில்! பழைய தினசரியைப் பரணில் அடுக்கி வைத்தவர்களுக்கு அந்தத் தாளின் ஆயுள் தெரியும். ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பேற்று வைத்திருந்ததால்தான் இன்றைய பிள்ளைகள் அதைப் பார்க்க முடிகிறது.

இனி நம் சங்கதி. இந்நாட்டில் நம் முன்னோர் குடியேறிய நேட்டால் பகுதியின் பழைய கோயில்களில் கொத்தனார் ராமசாமிப் பிள்ளை போன்றவர்களின் கைவேலை இருக்கிறது. திருப்பணி என்று கிளம்பினால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பழைய சுதைச் சிற்பத்தின் மேல் பளபளவென்று எனாமல் பூசுகிறார்கள். இல்லையென்றால் இடித்துக் கொட்டிவிட்டு ஊரிலிருந்து ஸ்தபதியை வரவழைக்கிறார்கள். இடிக்குமுன் நாலு போட்டோ எடுத்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் கொடுக்கலாம் என்று எத்தனை கமிட்டிக்குத் தோன்றியிருக்கும்? நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டன் செய்த வேலையைப் படிக்க எங்கே போவார்கள், கல்குவாரிக்கா?

தமிழ் வகுப்பு அவசியம் வேண்டும், மறுக்கவில்லை. அதற்கான பணத்தை உங்கள் கோயில் கமிட்டியிடம் கேளுங்கள். தீபாவளிப் பட்டாசுக்கு ஒதுக்கியதில் பாதி கொடுத்தாலே போதும்.